சதை போட்ட படங்கள்

போட்டோக்காரர் சங்கத்து ஆண்டு மலருக்கு எழுதிக் கொடுங்கள் என்று செயலாளர் மூன்று தடவை வீட்டுக்கு வந்துவிட்டார். எனக்கு எழுத வராது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். பிழை இருந்தால் அவளுடையது, சரக்கு இருந்தால் என்னுடையது.

கடையை மூடி ஆறு வருடம் ஆகிறது. முப்பது வருடம் கடை நடத்தி, திரையைக் குனிந்து பார்த்ததில் கழுத்து எலும்பு தேய்ந்துவிட்டது. பட்டை கட்டிக்கொண்டு சாய்ந்துதான் பேசுகிறேன். புதிதாகக் கடை போட்டிருக்கும் பிள்ளைகளுக்குக் கேமரா பற்றியோ லைட் பற்றியோ சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒரு படத்தை எங்கே வெட்டுவது, எவ்வளவு இழுப்பது, யாருக்காக அதைச் செய்வது என்பது மட்டும் எந்தப் பெட்டியிலும் போட்டு வருவதில்லை. அதைச் சொல்கிறேன். அதிலும் நான் ஜெயித்த கதை நிறைய இருக்கிறது. இன்றைக்கு அது வேண்டாம்.

மன்னார்குடியில் போட்டோக் கடைக்குள் முதன்முதலில் கம்ப்யூட்டர் வைத்தவன் நான்தான். எங்கள் தெருவில் போட்டோக் கடை வைத்திருந்த இரண்டு பட்டதாரிகள் கம்ப்யூட்டரை நம்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது நான் வாங்கிப் பூவும் பொட்டும் வைத்துவிட்டேன். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. மேலே மூன்றாவது வார்த்தையைத் தட்டு, கீழே ஏழாவது வரிக்கு வா, இப்படித்தான் கணக்கு வைத்துக் கற்றுக்கொண்டேன். புது வெர்ஷன் வந்து வரிகள் இடம் மாறினால் ஒரு வாரம் கண் தெரியாதவன் மாதிரி தடவுவேன். அப்புறம் மறுபடியும் ராஜாதான்.

ஒரு காதுகுத்துப் படம் ஞாபகம் வருகிறது. தாய்மாமன் மடியில் குழந்தை உட்கார்ந்திருக்கிறது. குழந்தை முகம் அவ்வளவு அழகு. பெரிதாகத் தெரியட்டும் என்று குழந்தையைச் சுற்றி வெட்டி, பெரிதுபடுத்தி, சட்டம் போட்டுக் கொடுத்துவிட்டேன். மறுநாள் அந்த மாமன் கடை வாசலில் நிற்கிறார்.

"என்னய்யா, எம் மடி வேணும், மூஞ்சி வேணாமா?"

"குழந்தை நல்லாத் தெரியட்டும்னு..."

"நான் என்ன நாற்காலியா? சீர் எடுத்துக்கிட்டு ரெண்டு வண்டி கட்டி வந்திருக்கேன். நாளைக்கு அந்தப் புள்ள கேட்டா, எந்த நாற்காலில ஒக்காந்து காது குத்துனேன்னு சொல்றதா?"

நல்லவேளை, அசல் படம் அப்படியே இருந்தது. அவர் டீ குடித்து முடிப்பதற்குள் மாமனுக்குத் தலை வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே போனார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் பாடத்தை விட்டுவிட்டேன். என்னைக் காப்பாற்றியது என் சாமர்த்தியம் இல்லை, அசல் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

படத்தின் அளவை மாற்றும் இடத்தில் அகலத்துக்கு ஒரு கட்டம், உயரத்துக்கு ஒரு கட்டம் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பக்கத்தில் சின்னதாக ஒரு சங்கிலி. ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறும். ஒருநாள் கை தவறி அந்தச் சங்கிலி கழன்றுவிட்டது. அகலம் மட்டும் கொஞ்சம் கூடியது. திரையில் இருந்தவர் கன்னம் நிரம்பி, கழுத்து எலும்பு மறைந்து, பத்து நாள் மாமியார் வீட்டில் சாப்பிட்டவர் மாதிரி ஆகிவிட்டார். படத்தை வாங்க வந்தவர், "ஒங்க கடைல எடுத்தா தனிக் களைதாண்ணே" என்றார். நான் அந்தப் பாராட்டையும் காசோடு வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

அதற்கு நானே ஒரு பெயர் வைத்துக்கொண்டேன். சதை போடுவது. நூற்றுக்கு மூன்று, நான்கு. அதற்கு மேல் போனால் தெரிந்துவிடும். பக்கத்தில் கதவோ தூணோ இருந்தால் அதுவும் பெருத்துக் காட்டிக்கொடுக்கும். அதனால் முதலில் நெருக்கி வெட்டிவிட்டுப் பிறகு இழுப்பேன். இந்த வித்தையை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இந்தப் பக்கத்தில் யாருக்கும் தெரியவும் தெரியாது.

அது மேட்டூரில் தண்ணீர் இல்லாத காலம். குறுவை போய், சம்பாவும் போய், வாய்க்காலில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். ஊர் ஊராக ஆட்கள் சவூதிக்கும் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பினார்கள். எல்லோரும் பாஸ்போர்ட் படத்துக்கு என்னிடம்தான் வருவார்கள். வருகிறவன் எல்லாம் எலும்பும் தோலும். நான் சதை போட்டு அனுப்பிவைப்பேன். ஏஜென்டுகள்கூட, "அவர் கடைல போய் எடுத்துட்டு வா" என்று சொல்லி அனுப்புவார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை.

அப்போது வந்தவர்கள்தான் செல்வராசும் வசந்தாவும். பாமணி ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர். செல்வராசு டைல்ஸ் ஒட்டுகிறவர். சவூதிக்குக் கிளம்பும் முன்பு இரண்டு பேரும் சேர்ந்து நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். கல்யாணமாகி ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை.

"அண்ணே, மாசம் ஒண்ணோ ரெண்டு மாசத்துக்கு ஒண்ணோ இவ வருவா. ஒரு படம் எடுத்து ஈமெயில்ல போட்டுருங்க. வெள்ளிக்கிழம லீவுல நெட் சென்டருக்குப் போயிப் பாத்துக்குவேன்" என்றார் செல்வராசு.

"போனு பேசுனாப் போதாதா?" என்றாள் வசந்தா.

"போன்ல நீ பொய் சொல்லுவ. மூஞ்சி சொல்லாதுல்ல?"

அப்படியே நடந்தது. அவள் படம் போகும். அவரும் அங்கே எடுத்து ஒன்று அனுப்புவார். அதை நான் பிரிண்ட் போட்டுக் கொடுப்பேன். அவள் கடையிலேயே நின்று பார்த்துவிட்டு முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போவாள்.

அந்தக் காலத்து இன்டர்நெட்டில் பெரிய படம் போகாது. சின்னதாகச் சுருக்கினால்தான் போகும். ஈமெயில் பெட்டியும் சின்னது, நிரம்பினால் அடுத்தது வராது. அதனால் வந்ததையும் போனதையும் உடனே அழித்துவிடுவேன். கம்ப்யூட்டரிலும் இடம் கிடையாது. எடுத்த படத்தை வெட்டி, சுருக்கி, அதன்மேலேயே சேமித்துவிடுவேன். கடைசியாக வெளியே போன சின்னப் படம் மட்டும் இருக்கும். அசல் இருக்காது. நான் மட்டும் இல்லை, அன்றைக்கு எல்லாக் கடையிலும் அப்படித்தான். ஆனால் நீங்கள் என்னைக் காட்டித் தப்பித்துக்கொள்ளாதீர்கள்.

அவர் போன பிறகு முதல் தடவை வந்தபோதே வசந்தா சற்று இளைத்திருந்தாள். வழக்கம்போல நான் மூன்று போட்டேன். திரையை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, இது என்ன, கன்னம் நல்லாருக்கு?"

பெருமை தாங்காமல் வித்தையைச் சொல்லிவிட்டேன். அதுவரை அதை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை.

"அப்ப எப்பவும் இப்புடியே போட்டு அனுப்புங்கண்ணே. நான் எளச்சிருக்கேன்னு தெரிஞ்சா அவுரு வேலய விட்டுட்டு வந்துருவாரு. வந்துட்டா திரும்ப அந்த விசா கெடைக்காது. வீட்டுக்குத் தளம் போடுற வரைக்குமாவது இருக்கட்டும்."

"ஏன், சாப்புடுறது இல்லையா?"

"பசிக்கல. வெயிலுக்கு அப்புடித்தான் இருக்கும். ஆத்துல தண்ணி இருந்தா நான் ஏண்ணே அவர அங்க விடுறேன்?"

இருமினாள். நான் அதைக் கேட்டேன். என்ன இருமல் என்று கேட்கவில்லை. கடையில் கூட்டம்.

அடுத்தடுத்த படங்களில் வேலை கூடிக்கொண்டே போனது. மூன்று ஐந்தாயிற்று, ஐந்து எட்டாயிற்று. கை தெரிந்தால் வளையல் முழங்கை வரை ஏறி நிற்பது தெரிந்துவிடும், கையை வெட்டினேன். தோள் தெரிந்தால் ரவிக்கை தொங்குவது தெரியும், தோளையும் வெட்டினேன். கழுத்தில் குழி விழுந்தது, கழுத்தையும் விட்டேன். ஆறாவது படத்தில் முகம் மட்டும்தான் மிஞ்சியது. அந்த முகம் செழிப்பாக இருந்தது. என் கைத்திறனை நானே பார்த்து ரசித்தேன் என்று சொல்ல இன்றைக்கு வாய் கூசுகிறது. ஆனால் ரசித்தேன்.

ஏழாவது படத்துக்கு அவள் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை, கடை போன் அடித்தது. செல்வராசு.

"அண்ணே, நல்லாருக்கீங்களா? ஏன் இப்பல்லாம் மூஞ்சி மட்டும் வருது? முன்னாடி முழுசா நிப்பாளே."

"இப்ப அதாந்தம்பி ஸ்டைலு. சினிமா போஸ்டர் பாக்குறதில்லையா?"

சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன். இங்க இன்னும் ஒரு வருசத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றாங்க. இன்னிக்குச் சொல்லணும். அவகிட்டக் கேட்டா எல்லாம் நல்லாருக்கேம்பா. நீங்க நேர்ல பாக்குறீங்க. அவ நல்லாருக்காளா?"

நான் பெஞ்சைப் பார்த்தேன். வசந்தாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து இருமலை அடக்கிக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. அது இருமலாலா அழுகையாலா, எனக்குத் தெரியவில்லை.

நல்லாயில்லை என்று சொல்ல எனக்கு ஒரு வார்த்தைதான் தேவைப்பட்டது. ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, அப்போ படத்தில் எப்படி நன்றாக இருந்தாள் என்பது. என் வித்தை வெளியே வரும். அவள் கேட்டுக்கொண்டதால் மறைத்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிதான் உண்மை. மீதிப் பாதி என் கடையின் பெயர்.

"கன்னத்தப் பாத்தீங்கல்ல தம்பி? நல்லா இருக்காங்க."

"அப்ப போட்டுறவா?"

"போடுங்க."

போனை அவளிடம் கொடுத்தேன். ஒரு இருமல் இல்லாமல் மூன்று நிமிடம் பேசினாள். சோறு ஆக்கியது, மாடு கன்று போட்டது என்று சிரித்துச் சிரித்துப் பேசினாள். வைத்த பிறகு பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருமினாள், இருமினாள், நிற்கவே இல்லை. தண்ணீர் கொடுத்தேன். படம் எடுத்தேன். பத்துப் போட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து ரேஷன் கடை வரிசையில் விழுந்துவிட்டாள். அவள் தம்பி தூக்கிக்கொண்டு போய்த் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு மாப்பிள்ளைக்குப் போன் போட்டிருக்கிறான். செல்வராசு கையில் காலில் விழுந்து லீவு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். வந்த மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என் கடைக்கு வந்தார்.

"அண்ணே, டாக்டரு எப்பலேருந்து எளச்சாங்கன்னு கேக்குறாரு. எளப்பு, இருமல் எல்லாம் ஒரு மாசமாத்தாங்கிறா அவ. ஒரு மாசத்துல இவ்வளவு எளச்சா அது வேற மாதிரி, பெரிய வியாதியா இருக்கலாம், வயித்தத் தொறந்து பாக்கணுமாம். ரொம்ப நாளாவே எளச்சாங்கன்னா வேற வைத்தியமாம். சரியாத் தெரிஞ்சிக்கிட்டு வாங்கன்னாரு. நான் சொன்னேன், எங்கிட்ட மாசாமாசம் படம் இருக்குன்னு. கடைசிப் படம் வரைக்கும் அவ நல்லாத்தானே இருந்தா? எல்லாத்தையும் தேதிவாரியா பிரிண்ட் போட்டுக் குடுங்க. கொண்டுபோய்க் காட்டுறேன்."

ஏழு படத்தையும் அப்படியே பிரிண்ட் போட்டுக் கொடுத்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அவள் சொன்ன ஒரு மாதத்துக்கு என் படங்கள் சாட்சி சொல்லும். வயிற்றைத் திறந்திருப்பார்கள். என் கை பொத்தானுக்குப் போய்விட்டது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

"உக்காருங்க தம்பி. இந்தப் படத்த நம்பாதீங்க" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தன படத்துல?"

"ரெண்டு பேரும் நின்னு எடுத்தீங்களே, அதத் தவிர எல்லாத்துலயும்."

"எவ்வளவு இழுத்தீங்க?"

"சரியா ஞாபகம் இல்ல."

"பழைய படம்?"

"இல்ல தம்பி. அதுமேலயே போட்டுட்டேன்."

முப்பது வருடத்தில் நான் சொன்னதிலேயே கூசிப்போய்ச் சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான். கெட்டிக்காரன், முதல் கம்ப்யூட்டர், சொந்த வித்தை எல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. சுருக்கிப் பார்க்கலாம், ஆனால் எவ்வளவு? கூடச் சுருக்கினால் அது இன்னொரு பொய்.

வழியைக் கண்டுபிடித்தது அவர்தான். நாள் முழுக்க டைல்ஸ் ஓரத்தையும் மட்டத்தையும் பார்த்த கண்.

"அண்ணே, அந்தப் பொட்டப் பெருசு பண்ணுங்க."

பெரிதுபடுத்தினேன். வசந்தாவின் நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு. அது வட்டமாக இல்லை. பக்கவாட்டில் நீண்டு, படுக்கப்போட்ட முட்டை மாதிரி இருந்தது. இத்தனை மாதம் அந்த முகத்தை இழுத்த எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

"அவ எப்பவும் வட்டப் பொட்டுதான் வைப்பா. அது வட்டமாகுற வரைக்கும் சுருக்குங்க."

சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்துத் திரையில் பொட்டின் மேல் வைத்துப் பிடித்தார். நான் அகலத்தை ஒவ்வொன்றாகக் குறைத்தேன். "இன்னும்... இன்னும் கொஞ்சம்... நிறுத்துங்க." ஓரங்கள் காசோடு ஒத்து வரும்போது அவர் நிறுத்தச் சொல்வார். அப்போதுதான் பொட்டிலிருந்து கண்ணை எடுத்து முகத்தைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "அடுத்தது" என்பார். ஏழு படம். அனுப்பிய தேதிகள் நோட்டில் இருந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் எழுதிக் கொடுத்தேன். கண்ணாடி மேசையில் வரிசையாகப் பரப்பியபோது மூன்றாவது படத்திலேயே கன்னம் ஒட்ட ஆரம்பித்திருந்தது. ஐந்தாவதில் கண் உள்ளே போயிருந்தது. ஏழாவதை அவர் கவிழ்த்து வைத்துவிட்டார்.

நீங்கள் பதற வேண்டாம், இதைச் சொல்லிவிடுகிறேன். படங்களைப் பார்த்த டாக்டர், இது பல மாதத்துச் சமாசாரம் என்று சளியைச் சோதிக்கச் சொன்னாராம். காசம். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டு வசந்தா தேறிவிட்டாள். செல்வராசு திரும்பிப் போகவில்லை. அந்த விசா போனது போனதுதான். தளம் போட இன்னும் எத்தனையோ வருடம் ஆயிற்று என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு அவர்கள் என் கடைக்கு வரவில்லை. வரவேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு முகமும் இல்லை.

இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்வது என்று கேட்பீர்கள். அசலின் மேல் சேமிக்காதீர்கள். இது சின்னப் பாடம், இப்போது கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். வாடிக்கையாளர் கேட்டால் சதை போடுங்கள், மணப்பெண்ணுக்குப் பருவை எடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து ஒருவன் ஒரு முடிவு எடுக்கப் போகிறான் என்று தெரிந்தால், கையை எடுத்துவிடுங்கள். கேட்பவர் அழுதாலும் எடுத்துவிடுங்கள். எனக்கு இவ்வளவுதான் தெரிகிறது.

அன்றைக்கு நடந்ததில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

படங்களை உறையில் போட்டுக்கொண்டு எழுந்தவர், வாசல் வரை போய்த் திரும்பி வந்தார்.

"அண்ணே, நான் அனுப்புன படத்தயும் நீங்கதான பிரிண்ட் போட்டுக் குடுத்தீங்க?"

"ஆமா."

"அதுலயும்...?"

அதைச் செய்யச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. அவள் கேட்கவில்லை, அவர் கேட்கவில்லை. அவர் படத்தில் பின்னால் இரும்புக் கட்டில்கள் ஒன்றின் மேல் ஒன்றாகத் தெரியும், கொடியில் பன்னிரண்டு பேர் துணி தொங்கும். அதையெல்லாம் வெட்டிவிட்டு, அவருக்கும் சதை போட்டுத்தான் அவளிடம் கொடுத்தேன். அவளாவது சந்தோஷமாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

தலையை மட்டும் ஆட்டினேன்.

"அதான பாத்தேன். ஆஸ்பத்திரில என்னப் பாத்த ஒடனே, என்னங்க இப்புடி ஆயிட்டீங்கன்னு அழுவுறா. நானும் அவள அதையேதான் கேட்டுக்கிட்டு நிக்கிறேன். வார்டுல எல்லாரும் எங்க ரெண்டு பேரயும் பாக்குறாங்க."

நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அதையும் சரி பண்ணுங்க. அவகிட்டக் காட்டணும்."

படத்தைத் திறந்தேன். பெருத்த முகம், மீசை, கட்டம் போட்ட சட்டை. எதை வைத்து அளப்பது?

"உங்க நெத்தில பொட்டு இல்லையே தம்பி. எதை வச்சுச் சுருக்குறது?"

"நான் இங்கதான இருக்கேன்? என்னப் பாத்துப் பண்ணுங்க."

நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். தாடை எலும்பு, குழி விழுந்த கன்னப்பொறி, வெயிலில் கருத்து உரிந்த மூக்கு. திரையைப் பார்த்தேன். மறுபடியும் அவரைப் பார்த்தேன். அவர் கண்ணைச் சிமிட்டாமல் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் குறைத்தேன். பார்த்தேன். இன்னும் கொஞ்சம் குறைத்தேன்.